முட்டை பறக்காது, குஞ்சு பறக்கும்

நம்ம பக்கம் சேலம் விமான நிலையம்னு பேச்சு வந்தா, ரெண்டாவது வரியிலயே "கார்கோ" வந்துடும். "பயணிகளை விடுங்க, கார்கோ மட்டும் வந்துட்டா நாமக்கல் முட்டை, சேலத்து மாம்பழம், வெள்ளிக் கொலுசு எல்லாம் நேரா துபாய்ல போய் இறங்கும்." டீக்கடையில இருந்து தேர்தல் மேடை வரைக்கும் இதே பாட்டுதான். கேக்க நல்லாத்தான் இருக்குங்க. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்குன்னு போட்டுப் பார்க்கலாம்னு உக்காந்தேன். பதிவு நீண்டுடுச்சு, பொறுத்துக்குங்க மக்களே.

விமானத்துல சரக்கு ஏத்தறது ஏறக்குறைய விமானத்தோட வயசுதான். 1910 நவம்பர்ல அமெரிக்காவின் டேட்டன்ல இருந்து கொலம்பஸுக்கு ரைட் சகோதரர்களோட விமானம் ஒண்ணு கொண்டுபோனது பட்டுத்துணி. மூணே மாசத்துல, 1911 பிப்ரவரி 18 அன்னிக்கு, நம்ம அலகாபாத்துல ஆன்றி பெக்கேங்கிற பிரெஞ்சுக்காரர் யமுனையைத் தாண்டி நைனிக்கு ஆயிரக்கணக்கான கடிதங்களோட பறந்தார். 1932 அக்டோபர்ல ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில இருந்து பம்பாய்க்கு ஓட்டிட்டு வந்ததும் தபால்தான். பம்பாய்ல இருந்து சென்னைக்கு அதைக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட்.

பட்டு, கடிதம். எடை கம்மி, மதிப்பு ஜாஸ்தி, இல்லன்னா அவசரம். நூறு வருஷம் தாண்டியும் இந்தச் சூத்திரம் மாறல. உலக வணிகத்துல சரக்கு அளவா பார்த்தா விமானத்துல போறது வெறும் 1 சதவீதம்தான். மதிப்பா பார்த்தா மூணுல ஒரு பங்கு! செல்போனு, மருந்து, சிப்பு, இப்படித்தான் அந்தக் கணக்கு வருது.

இப்ப நம்ம முட்டைக்கு வருவோம். ஒரு முட்டை சுமார் 55 கிராம். கிலோவுக்குப் பதினெட்டு முட்டைன்னு வெச்சா, பண்ணை விலையில ஒரு கிலோ நூறு ரூபாய்க்குப் பக்கம். வளைகுடாவுக்கு விமான வாடகை மட்டுமே அந்த விலைக்குப் பக்கத்துல வந்து நிக்கும். அப்புறம் யாரு வாங்குவாங்க?

எடையைப் பாருங்க. நாப்பதடி குளிர்சாதன கண்டெய்னர் ஒண்ணுல சுமார் 4.7 லட்சம் முட்டை போகும். கிட்டத்தட்ட 26 டன். போயிங் 737 சரக்கு விமானம் ஒண்ணு தூக்கற மொத்த பாரத்தை விட இது அதிகம். நாமக்கல் மண்டலத்துல நாளைக்கு 5 கோடி முட்டைக்கு மேல உற்பத்தி. அத்தனையும் பறக்கணும்னா, இருக்கறதுலயே பெரிய ஜம்போ சரக்கு விமானம் தினம் இருபது வேணும். கமலாபுரத்துல நிறுத்த இடம் இருக்குமா? :-)

அட, முட்டைக்கு அவசரமும் கிடையாதுங்க. குளிர்ல வெச்சா வாரக்கணக்குல தாங்கும். அதான் நாமக்கல்ல ஏத்தி தூத்துக்குடி, கொச்சி துறைமுகம் வழியா கப்பல்ல நிதானமா போகுது. 2025ல பறவைக் காய்ச்சலால அமெரிக்காவுல முட்டை விலை எகிறினப்போ, ஜூன்ல நாமக்கல்ல இருந்து 1 கோடி முட்டை 21 கண்டெய்னர்ல போச்சே, அதுவும் தூத்துக்குடி வழியா கடல்லதான்.

நம்ம முட்டை ஏற்றுமதி அடி வாங்கின வருஷங்களைப் பாருங்க. 2006 பிப்ரவரியில மகாராஷ்டிராவின் நவாப்பூர்ல பறவைக் காய்ச்சல். நமக்கும் நவாப்பூருக்கும் ஆயிரம் கிலோமீட்டர் தூரம். ஆனா வளைகுடா நாடுகள் இந்திய முட்டைக்கே கதவைச் சாத்திட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு 50 சதவீத வரி போட்டுச்சு. ரெண்டு தடவையும் தடுத்தது காகிதம், விமானப் பற்றாக்குறை இல்ல. நோய் இல்லன்னு சொல்ற சான்றிதழ், சுங்கம், வரி.

சரி, இந்தத் தொழில்ல பறக்கறது எதுவுமே இல்லையா? இருக்கு. முட்டையை விட எடை குறைஞ்ச ஒண்ணு. ஒரு நாள் குஞ்சு!

பொரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, மிச்சம் இருக்கற மஞ்சக்கருவைக் குஞ்சு தன் வயித்துக்குள்ள இழுத்துக்கும். அதை வெச்சு ரெண்டு மூணு நாள் தீனி தண்ணி இல்லாம தாங்கும். தாய்க்கோழி மத்த முட்டைகளும் பொரியற வரைக்கும் அடையை விட்டு எழுந்திரிக்காம இருக்க, இயற்கை செஞ்சு வெச்ச ஏற்பாடு. அந்த ரெண்டு மூணு நாள் இடைவெளியிலதான் உலகக் கோழித்தொழிலே ஓடுது. கப்பல்ல ஏத்தினா குஞ்சு போய்ச் சேராது, விமானத்துல ஏத்தினா சேரும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, பெட்டிக்குப் பெட்டி காத்துப் போக இடைவெளி. இதுல குளிரை விட சூடுதான் பெரிய எமன். ஆயிரக்கணக்கான குஞ்சுகளோட உடம்புச் சூடு, விமானம் தரையில நிக்கற நேரத்துல சேர்ந்து எகிறும்.

1960கள்ல இருந்து வெளிநாட்டு இனங்கள் இந்தியாவுக்குள்ள இப்படிக் குஞ்சாத்தான் வந்து இறங்குச்சு. வந்ததெல்லாம் பாட்டி தலைமுறை. அதோட பிள்ளைகள் தாய்க்கோழிகள், பேத்திகள்தான் நம்ம பண்ணையில கூண்டுல முட்டை போடற வெள்ளை லெகார்ன். நாமக்கல் பக்கம் அதிகமா பேசப்படற பிவி 300 கூட அமெரிக்க பேப்காக் வழி வந்ததுதான். ஒரு பாட்டிக்கு ஆயிரக்கணக்குல பேத்திகள். நாப்பது கிராம் குஞ்சுக்கு விமானச் செலவு கட்டுப்படியானது அதனாலதான்.

பழைய சேலம் மாவட்டத்துல பறக்கற இன்னொரு சரக்கு ரோஜா. (தருமபுரி 1965ல பிரியறதுக்கு முன்ன ஓசூரும் சேலம்தானே.) ஓசூர் பக்கம் அமுதகொண்டபள்ளியில டான்ஃப்ளோரா பூங்கா வந்தப்புறம், பிப்ரவரி மாசம் பூ எல்லாம் பெங்களூரு நெரிசலைத் தாண்டி தேவனஹள்ளி போய் விமானம் ஏறுது. ரெண்டு நாள்ல வாடற பொருளுக்கு வேற வழியில்லை. கொலுசும் பறக்கும்தான். ஆனா அது கூரியர் சரக்கு, அதுக்குன்னு தனி விமானம் வராது.

நம்ம கமலாபுரம் நிலையத்தோட கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 1993ல திறந்தாங்க, நின்னுச்சு. 2009ல கிங்ஃபிஷர் வந்துச்சு, 2011ல போச்சு. 2018 மார்ச்சுல ட்ரூஜெட், அதுவும் நின்னுச்சு. 2023 அக்டோபர்ல மறுபடி ஆரம்பம். ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர். ஏடிஆர் விமானத்துக்குத் தாராளம். முழு பாரத்தோட பெரிய சரக்கு விமானம் ஏற இது பத்தாது. அதான் விரிவாக்கம்னு 2018ல கமலாபுரம், தும்பிபாடி, பொட்டியபுரம், சிக்கனம்பட்டி பக்கம் சுமார் 570 ஏக்கர் எடுக்கப் போனாங்க. விவசாயிங்க எதிர்த்து நின்னாங்க. அப்பவும் "தொழில் வளரும், சரக்கு போகும்"னுதான் சொன்னாங்க. என்ன சரக்கு, எத்தனை டன், எந்த ஊருக்குன்னு ஒரு கணக்கை நிலம் கொடுக்கறவங்க முன்னாடி வெச்சிருக்கணும் இல்லையா?

உலக அளவுல தொழில் வளருதுங்கிறது உண்மை. 2020ல பயணிகள் விமானம் நின்னதும் அதோட வயித்துல போய்க்கிட்டிருந்த சரக்குக்கு இடமில்லாமப் போச்சு. உலகச் சரக்குல பாதி அப்படிப் போறதுதான். வாடகை எகிறி, சீட்டு மேலயே அட்டைப்பெட்டியைக் கட்டி ஓட்டினாங்க. 2024ல சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கக் கணக்குப்படி தேவை 11.3 சதவீதம் ஏறுச்சு. பெரும்பாலும் சீன ஆன்லைன் பார்சல் புண்ணியம். 2043 வரைக்கும் வருஷம் 4 சதவீதம் வளரும்னு போயிங் சொல்லுது. ஆனா 2006ல இதே போயிங் 6 சதவீதத்துக்கு மேல சொன்னதும் ஞாபகம் இருக்கட்டும். நடந்தது கிட்டத்தட்ட அதுல பாதிதான். விமானம் விக்கறவங்க ஜோசியத்தைக் கொஞ்சம் தள்ளுபடி பண்ணித்தான் படிக்கணும்.

அந்த வளர்ச்சியில நம்ம பங்கு? விமான நிறுவனங்கள்கிட்ட ஒரு வழக்கம் உண்டு. சின்ன ஊர்ல இருந்து பெரிய நிலையத்துக்குச் சரக்கை லாரியில ஏத்திட்டுப் போவாங்க. அந்த லாரிக்கு விமானம் மாதிரியே ஃப்ளைட் நம்பர் கொடுப்பாங்க. சரக்கு லாரி ஏறும்போதே கணக்குல "பறக்க" ஆரம்பிச்சாச்சு! லாரிக்கும் பாடி கட்டறதுக்கும் பேர் போன நாமக்கல்லுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. இங்க ஒரு குளிர்பதனக் கிடங்கு, சுங்கச் சோதனை, வெளிநாட்டுக்காரன் மறுபேச்சு இல்லாம ஒத்துக்கற நோய்ப் பரிசோதனைக் கூடம் இருந்தா, சீல் வெச்ச லாரி பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ ராத்திரி கிளம்பி விடியக்குள்ள போய்ச் சேர்ந்துடும். கப்பல்ல போற முட்டைக்கும் அதே கூடம் உதவும். இதுக்கு 570 ஏக்கர் வேணாங்க, ஒரு லாரிப்பேட்டை அளவு இடம் போதும்.