சாயத்தொட்டியில் தொடங்கிய கதை

பருத்தியில் வெள்ளி நானோதுகளைப் பூசிக் கிருமியைக் கொல்வது இன்று பெரிய சிரமமில்லை. அந்தத் துகளைத் துவைப்பில் போகாமல் காப்பதுதான் பாடு. 2008-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளி சேர்த்த காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில காலுறைகளில் நான்கே அலசலில் வெள்ளி ஏறக்குறைய முழுதும் வெளியேறியிருந்தது. இந்தச் சிக்கல் புதிதல்ல. பருத்தி இழை பட்டைப்போலவோ கம்பளியைப்போலவோ எதையும் எளிதில் பிடித்துக்கொள்ளாது என்பது சோழமண்டலக் கரைச் சாயக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தினார்கள். பிறகு படிகாரக் கரைசலால் எழுதி, சாயவேரில் கொதிக்கவைத்தார்கள். கடுக்காயின் துவர்ப்பொருள் இழையைப் பற்ற, படிகாரத்தின் அலுமினியம் அதனோடும் சாயத்தோடும் பிணைந்தது. பால்கொழுப்போ கரைசலைக் கோடு தாண்டிப் படரவிடவில்லை. அங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கூர்து இந்த முறையை 1742-இல் பிரான்சுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார்.

அவர்கள் தேடியது நிறம்தானே, கிருமியை யார் கண்டார் என்று கேட்கலாம். நியாயம்தான், கடுக்காய்த் துணியை முன்னோரின் நானோநுட்பம் என்று முழங்குவது வெறும் பெருமைப்பேச்சு. நான் சொல்வது ஒட்டவைக்கும் தந்திரத்தைப் பற்றி மட்டுமே. அதில் உறவு மெய்யானது: வெள்ளித் துகளைப் பருத்தியில் நிறுத்த இன்றைய ஆய்வகங்கள் கையாளும் பொருள்களில் டானிக் அமிலமும் ஒன்று. அது கடுக்காயின் துவர்ப்புக்கு நெருங்கிய சொந்தம்.