தோட்டக் கடையும் சாகா நுண்வித்துக்களும்

சோழர் கல்வெட்டுக்களில் கடாரம் என்று கீர்த்தி பெற்ற கெடா மாநிலத்தில், 1909-ஆம் ஆண்டின் ஆங்கிலோ-சயாம் உடன்படிக்கையால் பிரிட்டிஷ் ஆதிக்கம் நிலைபெற்று, கூலிம் முதல் குரூண் வரை காடுகள் அழிந்து ரப்பர் மரங்கள் எழுந்த காலத்தில், பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய அயல்நாட்டுப் பண்டங்கள், 1915-இல் அலோர் ஸ்டார் வரை நீண்ட இருப்புப்பாதை வழியாகச் சுங்கை பட்டாணியையும் அதன் சுற்றுவட்டத்துத் தோட்டங்களையும் வந்தடைந்தன. தோட்டக் கடையின் அலமாரியில் பர்மா அரிசிக்கும் பருப்புக்கும் கருவாட்டுக்கும் அருகே பால் டின்னும் சார்டின் டின்னும் இடம்பெற்றது இவ்வாறுதான். அத்தகரங்களுக்குப் பின்னே நூறாண்டுக் கால அச்சமும் ஆராய்ச்சியும் இருந்தன. தோட்டப்புறத்து உணவின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அதை விட்டுவிடலாகாது என்பது என் துணிபு.

அந்த அச்சத்தை முதலில் முறையாக ஆராய்ந்தவர், தென் ஜெர்மனியின் வூர்ட்டெம்பர்க் நாட்டில் வாழ்ந்த, கவிஞரும் மருத்துவருமான யுஸ்டினுஸ் கெர்னர் என்பவர். கெட்ட பன்றியிறைச்சிக் குடலப்பத்தை உண்டவர்களுக்குப் பார்வை இரட்டித்து, இமைகள் தாழ்ந்து, தொண்டை அடைத்து, அறிவு தெளிவாக இருக்கும்போதே சுவாசம் நின்றுபோகும் கொடுமையை அவர் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுணுக்கமாக எழுதிவைத்தார். காரணம் விளங்க மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் என்னும் கிராமத்தில், ஈமச்சடங்குக்கு வாசிக்க வந்த வாத்தியக்காரர்கள் உப்புநீரில் ஊறிய பன்றித்தொடை இறைச்சியை உண்டு நோயுற, அவர்களுள் மூவர் மாண்டனர். கெண்ட் நகரப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியிலிருந்தும் மாண்டவர் உடலிலிருந்தும், காற்றில்லா இடத்தில் மட்டுமே வளரும் கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்று இன்று வழங்கும் அக்கிருமி, துன்பகாலத்தில் தடித்த உறையொன்றைப் பூண்டு நுண்வித்தாக மாறி, மண்ணில் ஆண்டுக்கணக்கில் உறங்கவல்லது. உப்பின் செறிவு போதுமானால் விஷம் உண்டாகாது என்பதையும், உண்டான விஷம் சூட்டில் அழிந்துவிடும் என்பதையும் அவரே கண்டு சொன்னார்.

இந்த இடத்தில் கெடாவின் சமையலறையை நினையாதிருக்க என்னால் இயலவில்லை. குவாலா கெடா மீனவர்கள் உப்பிட்டு வெயிலில் உலர்த்திய கருவாடும், உள்நாட்டு மலாய்க் கிராமத்தார் ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் புளியும் சேர்த்துப் பானையில் புளிக்கவைத்த பெகாசாமும், தமிழ்த் தாய்மார் உப்பில் ஊறவைத்து வெயிலில் காயவைத்த எலுமிச்சை ஊறுகாயும், பரிசோதனைச் சாலைகள் பின்னர் வகுத்த விதிகளுக்கே அடங்கியவை. நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேற்பட்ட உப்பு நீரில் அந்த நுண்வித்து முளைக்காது. புளிப்பின் அளவு கூடி, பிஎச் எண் 4.6-க்குக் கீழ் இறங்கினாலும் முளைக்காது. ஈரம் வற்றினாலும் முளைக்காது. தலைமுறை தலைமுறையாக நாவும் மூக்கும் கண்டறிந்த அந்த அளவுகளைச் சாஸ்திரம் எண்களாக எழுதிற்றே தவிர, புதிதாகப் படைக்கவில்லை.

உப்பும் புளிப்பும் உலர்த்தலும் இல்லாத உணவை மாதக்கணக்கில் காப்பதுதான் பெருஞ்சிக்கல். பிரெஞ்சுக்காரரான நிக்கொலா அப்பேர், கண்ணாடிப் புட்டியில் உணவை அடைத்துக் கொதிநீரில் வேகவைக்கும் முறையை 1810-இல் நூலாக வெளியிட்டு அரசாங்கத்திடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் தகரக் கலத்துக்கும் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆயினும் கொதிநீரின் 100 பாகைச் சூடு கிருமியைக் கொல்லுமேயன்றி அதன் நுண்வித்தைக் கொல்லாது. காற்றைப் போக்கி மூடிய டின், பிழைத்த நுண்வித்துக்குப் பகைவரில்லா ராஜ்யமாகிவிடுகிறது.

1919-இலும் அதையடுத்த மாதங்களிலும் கலிபோர்னியாவில் அடைக்கப்பட்ட ஆலிவ் பழங்களை உண்டு அமெரிக்காவின் பல நகரங்களில் விருந்தினர் மாண்டபோது அந்தத் தொழிலே நிலைகுலைந்தது. தொழிலதிபர்கள் பொருளுதவி புரிய, ஸ்விட்சர்லாந்தில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய கார்ல் மேயர், எஸ்டி என்னும் துணைவரோடு கூடி, கோடிகோடியான நுண்வித்துக்களைக் குழாய்களில் அடைத்துச் சுட்டுச் சுட்டுப் பார்த்து, 1922-இல் தம் முடிவை வெளியிட்டார். 100 பாகையில் அவை முற்றும் சாக ஐந்தரை மணி நேரம் வேண்டும். நீராவியை அழுத்தி 121 பாகைக்கு ஏற்றினால் மூன்று நிமிடமும் வேண்டியதில்லை! உலகெங்கும் டின் அடைக்கும் ஆலைகள் இன்றும் தழுவும் கணக்குக்கு மூலம் இதுவே. டின்னின் நடுமையம் அச்சூட்டை எட்டியாக வேண்டும் என்பதே அக்கணக்கின் உயிர்நாடி.

தோட்டத்துப் பெண்கள் சார்டின் டின்னைத் திறந்ததும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவிட்டுப் பிரட்டலாக்கினர். விஷமே இருந்திருப்பினும் 85 பாகையில் ஐந்து நிமிடத்தில் அது அழிந்திருக்கும். அந்த டின்னின் இரும்புத் தகட்டுக்கு மெருகேற்றிய வெள்ளீயமோ மலாயா மண்ணிலேயே தோண்டப்பட்டு, பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் உருக்கப்பட்டுக் கப்பலேறியது. கூலிம் வட்டாரத்திலும் வெள்ளீயச் சுரங்கங்கள் இருந்தன.

பால் டின்னின் கதை வேறு. 1912-இல் ஆங்கிலோ-ஸ்விஸ் பால் கம்பெனி பினாங்கில் வியாபாரம் தொடங்கியது. அத்தகைய கம்பெனிகள் விற்ற இனிப்புப்பாலைக் காத்தது அளவிறந்த சர்க்கரை. ஈரத்தைச் சர்க்கரை பற்றிக்கொள்வதால் நுண்வித்து அங்கே முளைக்க வழியில்லை. பெரியவர்களின் தேநீருக்கு அது உகந்ததுதான், கைக்குழந்தைக்கு உகந்ததன்று. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று ரப்பர்ப் பால்வெட்டப் போகும் தாய், ஆயாக்கொட்டகையில் குழந்தையை விட்டுச் செல்லும் வாழ்க்கையில், தாய்ப்பாலின் இடத்தை அந்த டின் பிடித்துக்கொள்ள எவ்வளவு எளிது! அதைத் தண்ணீர் கலந்து ஊட்டினால் கொழுப்பும் உயிர்ச்சத்தும் குறைந்து குழந்தை நலிவடையும். தண்ணீரும் புட்டியும் அசுத்தமானால் வயிற்றோட்டமும் சேர்ந்துகொள்ளும். மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் நிகழ்த்திய உரைக்குப் ‘பாலும் கொலையும்’ என்று பொருள்படும் தலைப்பிட்டது மிகையன்று. கிருமியை வென்ற டின் என்று புகழ்வோர், அந்த டின்னால் நலிந்த குழந்தைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குழந்தையைப் பற்றிய மற்றொரு செய்தி 1976-இல்தான் வெளிப்பட்டது. கலிபோர்னிய மருத்துவர்கள், உணவில் விஷம் ஏதுமில்லாமலே சில சிசுக்கள் தளர்ந்து, பால் குடிக்க மாட்டாமல், அழுகுரலும் மெலிந்து கிடந்ததைக் கண்டு ஆராய்ந்தபோது, விழுங்கப்பட்ட நுண்வித்து குடலிலேயே முளைத்து விஷத்தை உண்டாக்கியது தெரியவந்தது. அத்தகைய சிசுக்கள் சிலருக்குத் தேன் ஊட்டப்பட்டிருந்தது. தமிழ்க் குடும்பங்களில் பிறந்த சிசுவின் நாவில் சேனை என்று தேனைத் தொட்டுவைக்கும் வழக்கம் அன்பினால் எழுந்தது. கடல் தாண்டிவந்தும் அதை மறவாதவர் உண்டு. தேனின் இனிப்பில் உறங்கும் நுண்வித்து பெரியவர் குடலில் ஏனைய கிருமிகளின் போட்டியால் தலையெடுப்பதில்லை. பிறந்த குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. தேனை வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த நுண்வித்து சாகாது. ஆதலால் பன்னிரண்டு மாதம் நிறையும் வரை குழந்தைக்குத் தேனே கூடாதென்று மருத்துவர்கள் விதிக்கிறார்கள்.