வாயில் பிறக்கும் அடி: பார்க்கின்சன் நோயாளர்க்கான தைகோ வகுப்புகள்

பார்க்கின்சன் நோயாளர்க்கு ஜப்பானிய முரசான தைகோவைக் கற்பிக்கும் வகுப்புகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே விளக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள்: நோயாளியின் மூளைக்குள் தாளம் தளர்ந்துவிட்டது, முரசு அதை வெளியிலிருந்து கொடுக்கிறது, உடல் அசைகிறது. இதில் பிழை இல்லை. ஆனால் இது எந்தத் தாளக் கருவிக்கும் பொருந்தும் விளக்கம். சீரான ஒலி மட்டும் போதுமென்றால் ஒரு மெட்ரோனோம் போதும். கனத்த முரசும் ஆசிரியரும் கூட்டமும் தேவையில்லை. தைகோவின் பயன் முரசின் ஓசையில் இருப்பதைவிட, அதைக் கற்பிக்கும் வாய்மொழி முறையில்தான் மிகுதியாக இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்தபோது நடுக்கத்தையே தலைப்பில் வைத்தார். நோயாளரை அதைவிட அதிகம் முடக்குவது அசைவின் சுருக்கமே. காலடி குறுகுகிறது, கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது, குரல் தணிகிறது. நடுமூளையின் கரும்பொருட் பகுதியில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால், பழகிய அசைவுகளைத் தானாகத் தொடங்கி, உரிய அளவில் தொடர்ந்து நடத்தும் ஏற்பாடு குலைகிறது. தசையின் வலு பெரிதும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் நடக்க முடியாமல் உறைந்து நிற்பவர், தரையில் குறுக்குக் கோடுகள் வரைந்தால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகிறார். ஒலியும் அப்படியே உதவும். 1996-இல் மைக்கேல் தாவ்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தாள ஒலியோடு வீட்டில் நடைபழகியவர்களின் நடைவேகம் 25 விழுக்காடு கூடியது. காலடியின் நீளம் 12 விழுக்காடு கூடியது.

ஆனால் வெளித்தூண்டலுக்கு ஓர் எல்லை உண்டு. வெளியே ஒலிக்கும் தாளத்தைக் கேட்க வேண்டும், அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். கவனம் இரண்டாகப் பிரிகிறது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலினோர் ஹாரிசன், காமன் எர்ஹார்ட் முதலியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிக முக்கியமானது. இசையைக் கேட்டுக்கொண்டு நடந்தபோது இருந்ததைவிட, தாமே பாடிக்கொண்டு நடந்தபோது நடையின் ஏற்றத்தாழ்வு குறைந்திருந்தது. தன் வாயிலிருந்து வரும் தாளத்தைத் துரத்த வேண்டியதில்லை. அது உடலோடு சேர்ந்தே புறப்படுகிறது. இந்த முடிவைத் தைகோ வகுப்போடு பொருத்திப் பார்ப்பவர்கள் குறைவு. என் பார்வையில் அந்த வகுப்பின் திறவுகோலே அதுதான்.

தைகோவில் பாடம் முதலில் வாயில் ஏறுகிறது. அந்த முறைக்குக் 'குச்சி ஷோகா' என்று பெயர். தமிழ்க் காதுக்குக் 'குச்சி' என்றால் அடிக்கும் கோல். ஜப்பானியத்திலோ 'குச்சி' என்றால் வாய். (கோலுக்கு அங்கே 'பச்சி' என்று பெயர்.) தோலின் நடுவில் விழும் முழு அடி 'தொன்', விரைந்த இரட்டை அடி 'தொகோ', விளிம்பின் மரத்தில் விழுவது 'கா', மெல்லிய அடி 'த்சு'. மிருதங்கம் பயில்பவர் சொற்கட்டைச் சொல்லிப் பழகுவதை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. சொல் அடியின் இடத்தை, கனத்தை, நீளத்தை ஒருங்கே குறிக்கிறது. 'ஒன்று, இரண்டு' என்ற எண்ணிக்கை நேரத்தை மட்டுமே சொல்லும். 'தொன்' கை எவ்வளவு உயர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. அசைவின் அளவையே இழந்துவரும் ஒருவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

இன்னும் நுட்பமானது மௌனம். குச்சி ஷோகாவில் அடிக்காத இடத்துக்கும் ஓர் ஒலி உண்டு: 'சு'. இதன் அருமையை உணர, நகமுரா, நகசாகி, நரபயாஷி ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் போக வேண்டும். ஒலிக்கேற்ப விரலால் தட்டச் சொன்னபோது, வினாடிக்கு ஏறத்தாழ 2.5 ஒலி என்ற வேகத்தை எட்டியதும் நோயாளர் பலரின் விரல் அந்த ஒலியைக் கைவிட்டு, தன்போக்கில் மிக விரைவாகத் தட்டத் தொடங்கியது. நடையிலும் இதே முடுக்கம் உண்டு: அடிகள் சிறுத்து, விரைந்து, ஆளை முன்னே தள்ளிவிடும். ஆக, இந்நோயில் அடி மட்டும் தவறுவதில்லை, அடிகளுக்கு இடையிலுள்ள வெளியும் சரிந்துபோகிறது. அந்த வெளியை 'சு' என்று வாய்விட்டுச் சொல்பவர் அதைக் காலியாக விடாமல் ஒரு செயலால் நிரப்புகிறார். அடுத்த அடி முந்திக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. இது என் ஊகம். ஆனால் சோதித்துப் பார்க்கத்தக்க ஊகம். மேடைத் தைகோவின் வேகத்தை நோயாளர் வகுப்புக்குள் அப்படியே கொண்டுவரும் ஆசிரியர்கள் இந்த 2.5 என்ற எல்லையை மனத்தில் கொள்வது நல்லது.

தைகோவின் அகன்ற நிலையும், தலைக்குமேல் உயர்ந்து இறங்கும் கையும், அடியோடு எழும் கூவலும் உடற்பயிற்சி, பேச்சுப்பயிற்சி வல்லுநர்கள் வேறு வழிகளில் நாடுபவையே. அவற்றை இங்கே விரிக்கவில்லை. சமநிலை குலைந்தவர் உட்கார்ந்தே அடிக்கலாம்.

உட்கார்ந்து அடித்தால் அது தைகோவா என்று மரபின் பெயரால் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வரலாறே விடை தருகிறது. பல முரசுகள் சேர்ந்தொலிக்கும் இன்றைய குழுவடிவம் 1951-இல் ஜாஸ் முரசுக் கலைஞரான ஒகுச்சி டைஹாச்சி தொடங்கியது. 1969-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் பௌத்தக் கோயிலொன்றில் உருவான கின்னாரா குழுவினர், ஜப்பானிய முரசை விலைகொடுத்து வாங்க இயலாமல், மதுப்பீப்பாய்களுக்குத் தோல் கட்டிக்கொண்டார்கள். கையில் இருப்பதற்கும் கூடியிருக்கும் மனிதர்களுக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டே வளர்ந்த கலை இது. தளர்ந்த உடலுக்கு இடங்கொடுப்பதால் அது குறைந்துபோகாது.

வலுவான மறுப்பு வேறொன்று. கூடிச் சிரித்து, கூடி உழைத்தால் யாருக்கும் நலம் கூடும். அதில் குச்சி ஷோகாவுக்கு என்ன பங்கு? 2016-இல் அலெக்சாண்டர் பான்டெல்யாட் குழுவினர் வெளியிட்ட சிறு ஆய்வில், ஆறு வாரம் மேற்கு ஆப்பிரிக்க முரசு வட்டத்தில் கலந்துகொண்ட நோயாளரின் வாழ்க்கைத்தரம் பற்றிய மதிப்பெண் மேம்பட்டது. அதில் தோழமையின் பங்கு எவ்வளவு, தாளத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய வழியில்லை. முரசு டோபமின் அணுக்களை மீட்கும் என்றோ, மருந்துக்கு மாற்றாகும் என்றோ சொல்வது நோயாளருக்குச் செய்யும் தீங்கு.

ஆகவே வேண்டியது கூரிய ஒப்பீடு. ஒரே ஆசிரியர், ஒரே முரசு, ஒரே அளவு தோழமை. ஒரு குழு எண்ணிக்கையால் கற்கட்டும், மற்றொன்று குச்சி ஷோகாவால் கற்கட்டும். அளப்பதையும் முரசின் முன்னே முடித்துவிடக் கூடாது. பயிற்சி முடிந்து சில வாரங்கள் கழித்து, முரசோ ஒலியோ இல்லாத வீட்டில், கால் வழக்கமாக உறைந்துபோகும் அந்தக் குறுகலான வாசற்படியில், வாய்க்குள் 'தொன், சு, தொன், சு' என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் எத்தனை வினாடியில் தாண்டுகிறார் என்று பார்க்க வேண்டும்.