மாலகாவின் சிப்பிக் கல்லறைகள்

அயல்நாட்டில் குடியேறியவனுக்கு வீடு கிடைத்துவிடும், தொழிலும் அமைந்துவிடும். ஆறடி மண் கிடைக்குமா? தென் ஸ்பெயினின் துறைமுக நகரான மாலகாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர்க்கு அது கிடைக்கவில்லை. மதுவும் உலர்திராட்சையும் கப்பலேற்றிய அவர்களின் பணத்தை நகரம் மறுத்ததில்லை. பிணத்தைத்தான் மறுத்தது. அவர்கள் புராட்டஸ்டன்டுகள், கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. இறந்தவரை இரவில் கடற்கரைக்குக் கொண்டுபோய், மணலில் நின்ற நிலையிலேயே புதைத்தனர் என்பர். அலையும் நாயும் விட்டுவைத்தால் உண்டு!

1824இல் பிரிட்டிஷ் கான்சலான வில்லியம் மார்க் இதைப் பொறாமல் விடாது முயன்று இடம் பெற்றார். 1831இல் கல்லறைத் தோட்டம் உருவாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 11இல் டொரிஹோஸின் கிளர்ச்சியாளருடன் சுட்டுக்கொல்லப்பட்ட ராபர்ட் பாய்டு என்னும் ஐரிஷ் இளைஞனும் அங்கேதான் உறங்குகிறான். பழைய கல்லறைகள் பலவற்றின் மேல், குறிப்பாகக் குழந்தைகளுடையவற்றில், கடற்சிப்பிகளைப் பதித்திருக்கிறார்கள். அந்தக் கடற்கரை நாள்களின் நினைவுதானோ என்று நமக்குத் தோன்றுகிறது. அழகுக்காக மட்டும் என்று கொள்ள மனம் ஒப்பவில்லை.

பிற்காலத்தவருள் எழுத்தாளர் ஜெரால்டு பிரெனனைச் சொல்லவேண்டும். மாலகாவை ஒட்டிய சுரியானாவில் 1935இல் வீடு வாங்கியவர். உள்நாட்டுப் போர் விரட்ட, 1953இல் திரும்பினார். மனைவி கேமல் உல்சி 1968இல் இறந்து இத்தோட்டத்தில் அடக்கமானார். 1987இல் மறைந்த பிரெனனோ, தம் உடலை மருத்துவக் கல்விக்கு அளித்திருந்தார். 2001இல்தான் அவரது சாம்பல் மனைவியின் அருகே வந்து சேர்ந்தது.