நூறு மின்மினிக்கு 25 சென்ட்

பால் டேங்கரைக் கழுவி முடித்ததும் வால்வுக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு ஒரு சுற்றுத் துடைப்பேன். குச்சியை அதன் குழாய்க்குள் அழுத்திக் குலுக்கி மீட்டரில் செருகினால் சில நொடியில் ஒரு எண் வரும். எண் சின்னதென்றால் வண்டி கிளம்பலாம். பெரிதென்றால் மறுபடி கழுவ வேண்டும். டிரைவர்கள் என்னைத் திட்டுவது இந்த எண்ணுக்காகத்தான்.

“அந்தக் குழாய்ல அப்படி என்னதான் சார் இருக்கு?” என்று ஒருவர் கேட்டார். “மின்மினிப் பூச்சி” என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று முறைத்தார்.

கிண்டல் இல்லை. 1947இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வில்லியம் மெக்எல்ராய் மின்மினியின் ஒளியுறுப்பை அரைத்துச் சாறெடுத்தார். சாறு கொஞ்ச நேரம் ஒளிர்ந்து அணைந்தது. குளுக்கோஸ் விட்டார்; பலனில்லை. ஏடிபி விட்டதும் மறுபடி ஒளிர்ந்தது. உயிருள்ள செல் ஒவ்வொன்றும் தன் வேலைக்குச் செலவழிக்கும் பொருள் ஏடிபி. வால்வில் ஒட்டிய பால் மிச்சத்திலும் பாக்டீரியாவிலும் அது உண்டு. அழுக்கு கூடினால் குழாயில் ஒளியும் கூடும்.

ஆராய்ச்சிக்கு மின்மினி ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தது. ஊர்ப் பிள்ளைகளிடம் விலை சொன்னார்: நூற்றுக்கு 25 சென்ட். அந்தப் பக்கத்து மின்மினியில் ஆண்தான் அந்தியில் தாழப் பறந்து, ‘ஜே’ எழுத்துப்போல் வளைந்து மேலேறி மின்னும். பெண் புல்லில் உட்கார்ந்தபடி பதில் மின்னும். ஆகவே பாட்டிலில் சிக்கியவை பெரும்பாலும் பெண் தேடி வந்த மாப்பிள்ளைகள். பாவம்.

1957இல் அவரது ஆய்வகம் மின்மினியில் ஒளிதரும் பொருளான லூசிஃபெரினைப் படிகமாகப் பிரித்தது. ஏடிபியின் துணையோடு அது ஆக்சிஜனுடன் சேரும்போது பிறக்கும் மூலக்கூறு, தன்னிடம் மிகுந்த ஆற்றலை ஒளித்துகளாக உதறிவிடும். மஞ்சள் கலந்த பச்சை. அலைநீளம் சுமார் 560 நானோமீட்டர். குண்டு பல்பின் இழை பழுக்கச் சூடானால்தான் ஒளிரும். இதற்குச் சூடே வேண்டாம். 100 மூலக்கூறுக்கு 88 ஒளித்துகள் என்று 1960இல் ஹோவர்ட் செலிகரும் மெக்எல்ராயும் கணக்கிட்டார்கள். பல காலம் எல்லோரும் அதையே சொல்லிவந்தார்கள். 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் திரும்ப அளந்தபோது 41தான் வந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. மீட்டர் பிடிப்பவனுக்கு, மறுபடி துடைத்துப் பார்த்த எண்ணில்தான் நம்பிக்கை.

1985இல், இந்தச் சேர்க்கையை நடத்திவைக்கும் மின்மினி நொதியின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். என் குழாயில் இருப்பது அப்படி பாக்டீரியாவில் விளைந்த நொதி. அதற்காக இப்போது யாரும் பாட்டிலோடு புல்வெளிக்குப் போவதில்லை.