ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சி (1817–1818)

கண்டி இராச்சியம் 1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தினால் ஆங்கிலேயர் வசமான பின்னர், ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்றுக் கரைக்கு மேற்கே விரியும் வெல்லஸ்ஸக் காடுகளில் மூண்டு, கண்டியப் பிரதானிகளையே இரு பக்ஷங்களாகப் பிரித்துவிட்ட யுத்தம். பொதிமாட்டுத் தவளங்களுக்குப் பொறுப்பான முகாந்திரமாக ஹாஜி மரைக்கார் என்னும் முஸ்லிம் பிரமுகரை ஆங்கிலேயர் நியமித்தமை, மாகாணத் தலைவரான திசாவையின் அதிகாரத்தைக் குறைக்கும் செயலாகக் கொள்ளப்பட்டது. ஹாஜி மரைக்கார் கிளர்ச்சியாளரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட, விசாரிக்கச் சென்ற உதவி அதிகாரி வில்சனும் 1817 செப்டெம்பரில் அம்பெய்து வீழ்த்தப்பட்டார்.

கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல, மறுபக்கம் சேர்ந்து அதன் தலைவரானார். வில்பாவே என்பவர் அரசுரிமை கோரினார். களச்சமர்கள் அரிதாகிப் பதுங்கித் தாக்குதலே நிகழ்ந்த இப்போரில், தேசாதிபதி பிரவுன்ரிக்கின் படைகள் வீடுகளையும் நெல்லையும் எரித்துக் கால்நடைகளை அழித்த கொடுமையே குடிகளைப் பெரிதும் வாட்டியது. கண்டியப் பிரதானி மொல்லிகொட ஆங்கிலேயர் பக்கம் நின்று கொழும்பு–கண்டிப் பாதையைக் காத்திராவிடின், முடிவு வேறாகியிருக்கக்கூடும் என்பதே நம் கருத்து.

பிடிபட்ட கெப்பெட்டிப்பொலவும் மற்றொரு கிளர்ச்சித் தலைவரான மடுகல்லவும் 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியின் போகம்பரையில் சிரச்சேதம் செய்யப்பட்டனர். அதற்கு முன், தலதா மாளிகையில் வழிபட்ட கெப்பெட்டிப்பொல, தம் இடைத்துணியை அங்கே காணிக்கையாக்கினார். எடின்பரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரது கபாலம் 1954இல் மீண்டது. 1818 நவம்பர் 21ஆம் திகதி ஆங்கிலேயர் வெளியிட்ட பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைச் சுருக்கி, நெல்வரியைப் பத்தில் ஒன்றாக விதித்து, விசுவாசமாயிருந்த பகுதிகளுக்குப் பதினான்கில் ஒன்றாகக் குறைத்தது.