மனவெழுச்சி நுண்ணறிவு: செவிலிய மாணவர்களிடையே

தன் மனநிலையையும் அடுத்தவர் மனநிலையையும் இனங்கண்டு அதற்கேற்ப நடந்துகொள்ளும் திறன் மனவெழுச்சி நுண்ணறிவு எனப்படும். அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் 1990-இல் இதை வரையறுத்தனர். 1995-இல் வந்த டேனியல் கோல்மனின் நூல் இதைப் பரவலாக்கியது. செவிலியர் பயிற்சிக்கு வருபவர்கள் பள்ளிப்படிப்பு முடித்த சூட்டோடு சாவையும் அழுகையையும் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்கள். அதனால் அவர்களிடம் இத்திறன் தனியாக ஆராயப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, மும்பை கிங்ஸ் சர்க்கிளுக்கு வடக்கே அம்பேத்கர் சாலையில், 1947-இல் தொடங்கிய லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. ஊர் வாயில் அது ‘சயான் ஆஸ்பத்திரி’. தாராவிக்காரர்கள் அவசரத்துக்கு ஓடிவருவதும், ரயிலில் அடிபட்டவர்களைக் கொண்டுவருவதும் இங்கேதான். செவிலியர் பள்ளியும் உண்டு. திருநெல்வேலித் தமிழ் மட்டுமே பேசும் தாராவிப் பாட்டி ஒருவர் இங்கே வந்து படுத்தால், தமிழ் தெரியாத மாணவி அவர் முகத்தையும் கையையும் பார்த்தே வலியைக் கண்டுகொள்ள வேண்டும். சலோவேயும் மேயரும் முதல் படியாக வைத்த ‘உணர்ச்சியை இனங்காணுதல்’ வார்டில் இப்படித்தான் தேவைப்படுகிறது.

இந்திய செவிலியர் குழுமத்தின் 2021-ஆம் ஆண்டுத் திருத்தப் பாடத்திட்டப்படி, பி.எஸ்சி. நர்சிங் முதல் பருவத்திலேயே பயன்பாட்டு உளவியல் படிக்க வேண்டும். ஆனால் மனவெழுச்சி நுண்ணறிவை அளக்கப் பெரும்பாலும் வினாப்பட்டியலே பயன்படுகிறது. ‘நான் பொறுமைசாலி’ என்று மாணவி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண், இரவுப்பணியின் கடைசி மணி நேரத்தில் எவ்வளவு செல்லுபடியாகும் என்பது சந்தேகமே.

இங்கிலாந்தின் செவிலிய மாணவர்களை ஆராய்ந்து பாம் ஸ்மித் 1992-இல் வெளியிட்ட நூல் வேறு கோணத்தைக் காட்டியது. மாணவர்கள் பரிவோடு நடந்துகொள்வதில் வார்டுப் பொறுப்புச் செவிலியருக்குப் பெரும்பங்கு உண்டு என்று கண்டார் அவர். பொறுப்புச் செவிலியர் அன்பாக நடத்தினால் மாணவர்களும் நோயாளிகளிடம் அப்படியே இருந்தார்கள். ஆகவே இத்திறனை மாணவியின் தனிக்குணமாக மட்டும் பார்ப்பது பாதி உண்மைதான்.

பரிவு தனிக்குணம் மட்டுமல்ல என்பதற்கு மும்பையிலேயே பெரிய சான்று உண்டு. பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27-இல் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். 2015 மே 18-இல் இறக்கும்வரை, 41 ஆண்டுகளுக்கு மேலாக, அங்குள்ள செவிலியர்களே தலைமுறை மாறி மாறி அவரைப் பார்த்துக்கொண்டனர். தாக்குதலை அடுத்து மும்பைச் செவிலியர்கள் அவருக்கு நல்ல கவனிப்பும் தங்களுக்கு நல்ல பணிச்சூழலும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பரிவுக்கு உதாரணமாக அருணாவின் கதையை மாணவர்களுக்குச் சொல்லும் ஆசிரியர்கள் அந்த வேலைநிறுத்தத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.